ஆய்வகத்தில் காது வளர்க்கிறார்களாமே, அதுவரை குழந்தைக்குக் காத்திருக்கலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அக்கா மகளுக்கு வயது ஒன்றே முக்கால். இரண்டு காதும் கேட்கவில்லை என்று பெரா டெஸ்டில், அதாவது ஒலி கொடுத்தால் மூளைக்குச் சமிக்ஞை போகிறதா என்று பார்க்கும் சோதனையில், தெரிந்துவிட்டது. காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உள்காதுக்குள் வைத்து நரம்பை நேராகத் தூண்டும் கருவி, வைக்கலாம் என்று டாக்டர் சொல்கிறார். வீட்டுப் பெரியவர்களோ, "பச்சைக் குழந்தை தலையில் கத்தி வைக்க வேண்டாம், வெளிநாட்டில் ஸ்டெம் செல்லில் உள்காதையே வளர்த்துவிட்டார்களாம், ரெண்டு மூணு வருஷத்தில் இங்கேயும் வந்துவிடும், பொறுத்திருப்போம்" என்கிறார்கள். இதற்கு நடுவில் வெளியூர் கிளினிக் ஒன்று, ஸ்டெம் செல் ஊசி போட்டால் காது கேட்கும் என்று சில லட்சம் கேட்டிருக்கிறது. கூடவே, முப்பது வருஷம் பவர்லூம் ஷெட்டில் நின்ற அப்பாவுக்கும் காது மந்தம், அவருக்கு இதில் ஏதாவது வழி பிறக்குமா என்றும் கேட்கிறார்.

தம்பி, நான் வேலூரில் இருபது வருஷத்துக்கு மேலாகக் காது பரிசோதனை செய்கிற ஆடியாலஜிஸ்ட். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு காரணங்களுக்கு வருகிறேன். பாப்பாவுக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த ஊசிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். ஆனால் ஆய்வகத்தில் உள்காது திசு வளர்க்கிறார்கள் என்று உங்கள் வீட்டில் சொல்வது பொய்யில்லை. அது உண்மையான, பெரிய வேலை. எந்த அளவுக்கு உண்மை, எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிட்டால் வீட்டில் பேசுவது உங்களுக்கே சுலபமாகிவிடும்.

காதுக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். நாம் வெளியே பார்க்கிற காது மடல் ஒரு புனல், அவ்வளவுதான். கேட்கிற வேலை நடப்பது காக்ளியா என்கிற நத்தைச்சுருளில். பட்டாணி அளவுதான் இருக்கும். சுருளைப் பிரித்து நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர். அதற்குள் வரிசையாக நிற்கின்றன மயிர்ச்செல்கள். ஒரு காதுக்குச் சுமார் 15,000. ஒவ்வொன்றின் தலையிலும் நுண்ணிய இழைகள் கொத்தாக நிற்கும். ஒலி அலை வந்து திரவம் அசைந்தால் அந்த இழைகள் சாயும், சாய்ந்த உடனே மின்சமிக்ஞை பிறந்து நரம்பு வழியாக மூளைக்குப் போகும். கண்ணின் விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் பத்துக் கோடிக்கு மேல் இருக்கின்றன. காதுக்கு இந்தப் பதினைந்தாயிரம்தான் மொத்த முதலீடு. அம்மா வயிற்றில் இருக்கும்போதே எல்லாம் முளைத்து முடிந்துவிடும். ஏழாம் மாத வளைகாப்பில் வளையல் குலுங்குவதைக் குழந்தை கேட்கிறது என்று நம் வீடுகளில் சொல்வது சும்மா இல்லை, அதற்குள் இவை வேலைக்கு வந்திருக்கும். பிறந்த பிறகு ஒன்று செத்தால் செத்ததுதான். மனிதனுக்கு அது திரும்ப முளைப்பதில்லை.

கோழிக்கு முளைக்கும். இது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமான விஷயம். பெரும் சத்தத்தாலோ மருந்தாலோ கோழிக்குஞ்சின் மயிர்ச்செல்களை அழித்தால், சில வாரங்களில் அருகிலிருக்கும் துணைச்செல்கள் பெருகி, மாறி, புது மயிர்ச்செல்களாக நிற்கின்றன. அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாகச் செய்து 1988ல் இதை வெளியிட்டன. மீனுக்கும் அந்தத் திறமை உண்டு. நம் வீட்டுப் புறக்கடையில் மேயும் கோழியால் முடிவது நமக்கு ஏன் முடியவில்லை என்ற கேள்விதான் இந்தத் துறையையே ஓட்டிக்கொண்டிருக்கிறது.

அதற்குப் பதில் தேடப் போனால் ஒரு பெரிய சுவர் குறுக்கே நின்றது. ஈரலில் கோளாறு என்றால் ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கலாம். தோலிலும் எடுக்கலாம், சிறுநீரகத்திலும் எடுக்கலாம். உள்காதில் முடியாது. உடம்பிலேயே மிகக் கடினமான எலும்புக்குள் அது புதைந்திருக்கிறது. ஒரு துணுக்கு எடுக்கத் திறந்தாலே மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் போய்விடும். அதனால் உயிரோடிருக்கும் ஒரு மனிதரின் காதுக்குள் எந்தச் செல் எப்படிக் கெட்டது என்று யாரும் நேரில் பார்த்ததில்லை. இறந்தவர்களின் எலும்பை வைத்தும் எலிகளை வைத்தும்தான் இத்தனை காலம் படித்தோம். உங்கள் அக்கா மகளின் பெரா சார்ட்டை என்னிடம் கொடுத்தால், எத்தனை டெசிபலில் மூளைக்குச் சமிக்ஞை வரவில்லை என்று சொல்லுவேன். உள்ளே எந்த இடத்தில் பழுது என்று அந்தக் கோடுகளிலிருந்து ஓரளவு ஊகிக்கத்தான் முடியும்.

இப்போது ஆய்வகத்துக்கு வருவோம். ஸ்டெம் செல் என்பது இன்னும் என்னவாக ஆவது என்று முடிவு செய்யாத செல். ஜப்பானில் ஷின்யா யமனாகா 2006ல் எலியின் சாதாரணத் தோல் செல்லையும், 2007ல் மனிதத் தோல் செல்லையும் பின்னோக்கித் திருப்பி அந்த நிலைக்குக் கொண்டுபோகும் வழியைக் காட்டினார். 2012ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே நாட்டில் கோபே நகரத்தில் யோஷிகி சசாய் என்பவர், ஸ்டெம் செல்களைத் தட்டில் பரப்பாமல் சிறு உருண்டைகளாக மிதக்கவிட்டால் அவை தாமாகவே உறுப்பு போல அடுக்கு அடுக்காக அமைகின்றன என்று காட்டினார். இந்த உருண்டைகளுக்குத்தான் ஆர்கனாய்டு என்று பெயர். உறுப்பின் சின்ன மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கார்ல் கோலர், எரி ஹஷினோ இருவரும் இந்த முறையைக் காதுக்குக் கொண்டுவந்தார்கள். கருவில் காது எப்படி உருவாகிறதோ அதே வரிசையில், இந்த நாளில் இந்தப் புரதம், அந்த நாளில் அதை நிறுத்து, மறுநாள் வேறொன்று என்று கொடுத்துக்கொண்டே போனார்கள். ஒரு நாள் தள்ளிக் கொடுத்தால் வேறு என்னவோ ஆகிவிடும். 2013ல் எலியின் செல்லிலிருந்து உள்காது திசு வந்தது. 2017ல் மனித செல்லிலிருந்தே வந்தது. அதற்கு இரண்டு மாதம் பிடித்தது. தட்டில் பார்த்தால் கேழ்வரகு மணி போல வெளுப்பாக ஒரு உருண்டை, அவ்வளவுதான். ஆனால் அதற்குள் சிறு சிறு பைகள், பையின் உள்சுவரில் மயிர்ச்செல்கள், அவற்றின் தலையில் இழைக்கொத்து, அடியில் வந்து தொட்டிருக்கும் நரம்புச் செல்கள். மயிர்ச்செல்லுக்கு மட்டும் உரிய ஒரு மரபணு விழித்துக்கொண்டதும் செல் பச்சையாக ஒளிரும்படி முன்பே ஏற்பாடு செய்திருந்தார்கள். உருண்டைக்குள் பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் அங்கே மயிர்ச்செல் பிறந்துவிட்டது என்று அர்த்தம். அந்தச் செல்களை மின்முனையால் தொட்டுப் பார்த்தபோது, நிஜ மயிர்ச்செல்லைப் போன்ற மின்குணங்களே அவற்றிலும் இருந்தன.

இங்கே ஒரு கிளைக்கதை. காது உருண்டைகளோடு சேர்ந்து வேறு ஒரு திசுவும் வளர்வதை அந்தக் குழுவினர் கவனித்தார்கள். அது தோல். கருவில் காதும் தோலும் ஒரே மேல்படலத்திலிருந்து பிரிபவை என்பதால் இது நடந்திருக்கிறது. அதைத் தள்ளிவிடாமல் பின்தொடர்ந்து போய், 2020ல் முடி முளைக்கும் மனிதத் தோலையே கோலர் குழு வளர்த்துக் காட்டியது. தீக்காயம் பட்டவர்களுக்கு நாளை இது உதவக்கூடும்.

சரி, இவ்வளவு வளர்த்தவர்கள் பாப்பா காதில் அதை வைக்க ஏன் தயாரில்லை?

முதல் காரணம், 2013லும் 2017லும் வந்த மயிர்ச்செல்கள் பெரும்பாலும் கேட்கிற வகை இல்லை. உள்காதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று கேட்க, மற்றொன்று உடம்பின் சமநிலைக்கு, அதாவது தலைசுற்றாமல் நிற்க. ஆய்வகத்தில் வந்தவை சமநிலைப் பகுதியின் செல்களைப் போலிருந்தன. கேட்கிற காக்ளியா வகைச் செல்களை மனித செல்லிலிருந்து நம்பகமாக வரவழைக்கும் வழியை ஹஷினோ குழு 2023ல்தான் வெளியிட்டது. எப்போது வெளியானது என்று வீட்டில் சொல்லுங்கள்: 2023. அதுவும் தட்டில்.

இரண்டாவது காரணம்தான் பெரியது. காக்ளியா வெறும் செல் குவியல் இல்லை, ஹார்மோனியப் பெட்டி போல வரிசை உள்ளது. வாசலுக்கு அருகே இருப்பவை கீச்சொலியைக் கேட்கும், சுருளின் உச்சியில் இருப்பவை கனத்த ஒலியைக் கேட்கும். நடுவில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சுருதி. உருண்டைக்குள் அந்த வரிசை கிடையாது. ஒவ்வொரு செல்லின் இழைகளும் ஒரே திசை பார்த்து நிற்க வேண்டும். அடியில் சரியான நரம்பு நுனி வந்து சேர வேண்டும். மேலே பொட்டாசியம் மிகுந்த திரவம், கீழே சோடியம் மிகுந்த வேறு திரவம், இரண்டும் கலக்கக் கூடாது. மேல் திரவத்தில் மிதக்கவிட்டால் புதுச் செல் தாங்காது. செல்லை உள்ளே வைக்க வழி துளைத்தாலே அந்தத் திரவச் சமநிலை கெடும். இதெல்லாம் சரியாக அமைந்தாலும் ஒரு பயம் மிச்சம் இருக்கும். முழுதாக மாறாத ஒரு ஸ்டெம் செல் உள்ளே போய்விட்டால், அது கட்டியாக வளரக்கூடும். காதுக்கும் மூளைக்கும் நடுவில் அங்கே எலும்புச்சுவர் ஒன்றுதான்.

மயிர்ச்செல்லைவிட நரம்புச் செல்லை வைப்பது ஓரளவு எளிது என்று ஒரு சோதனை காட்டியது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் மார்செலோ ரிவோல்டா குழு, காது நரம்பை மருந்தால் அழித்த ஜெர்பில் என்கிற பாலைவன எலிகளுக்கு, மனித ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த நரம்பு முன்செல்களை வைத்தது. 2012ல் வந்த முடிவில், சராசரியாக 46 சதவீதம் கேட்கும் திறன் மீண்டிருந்தது. அது எலி. அங்கிருந்து மனிதக் காதுவரை நடக்கிற தூரம் எவ்வளவு என்பதற்கு அடுத்த கதை.

2017ல் பாஸ்டனில் ஒரு குழு, எலிக் காதில் இருக்கும் ஒரு வகைத் துணைச்செல்லை எடுத்து மருந்துக் கலவையில் வளர்த்தது. ஒரே ஒரு காக்ளியாவிலிருந்து 11,500க்கு மேல் மயிர்ச்செல்கள் வந்தன. மருந்தில்லாமல் 200கூட வரவில்லை. கோழி செய்வதைப் பாலூட்டியின் செல்லையும் செய்ய வைத்துவிட்டார்கள் என்று எல்லோரும் மகிழ்ந்தோம், நானும்தான். அந்த வழியில் எஃப்எக்ஸ்-322 என்ற மருந்து தயாரானது. செவிப்பறை வழியாக ஊசியில் கொடுப்பது. முதல் கட்டத்தில் சிலருக்குப் பேச்சு கொஞ்சம் தெளிந்தது போல் தெரிந்தது. அடுத்த கட்டத்தில் சும்மா திரவம் பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் இல்லை. 2021ல் ஒரு சோதனை தோற்றது, 2023ல் இன்னொன்றும் தோற்று அந்த மருந்தையே கைவிட்டார்கள். நேர்மையாகச் சோதித்ததால்தான் தோற்றது தெரிந்தது. உங்களிடம் பணம் கேட்கிற கிளினிக் அப்படி ஒப்பிட்டுச் சோதித்த முடிவு ஒன்றைக் காட்டட்டும், பார்க்கலாம்.

அப்படியானால் இந்த உருண்டைகளால் இப்போது என்னதான் பயன்? என் பார்வையில், காதில் வைப்பதற்கு முன்பே இவை பெரிய வேலை செய்கின்றன. உயிருள்ள காதைத் திறக்க முடியாது என்று சொன்னேனே, அந்தச் சுவரில் இது ஒரு சன்னல். காது கேளாத ஒருவரின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, அதை ஸ்டெம் செல்லாக்கி, அதிலிருந்து அவருடைய உள்காது திசுவையே தட்டில் வளர்க்கலாம். அவருக்கு எந்த மரபணு பழுதோ அதே பழுதோடு அது வளரும். எந்தக் கட்டத்தில் செல் தடுமாறுகிறது என்று நாள்கணக்கில் பார்க்கலாம். மரபணுவைத் திருத்திவிட்டு மறுபடி வளர்த்து ஒப்பிடலாம். புற்றுநோய்க்குக் கொடுக்கிற சிஸ்பிளாட்டின், கடுமையான தொற்றுக்குப் போடுகிற ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகள் மயிர்ச்செல்லைக் கொல்லும் என்பது எங்களுக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த துயரம். ஊசி உயிரைக் காப்பாற்றும், காதை எடுத்துவிடும். அந்த மருந்தோடு எதைச் சேர்த்துக் கொடுத்தால் காது தப்பும் என்று குழந்தைகளை வைத்துப் பார்க்காமல் உருண்டைகளை வைத்துப் பார்க்கலாம்.

நம் பக்கத்துக்கு நெருக்கமான உதாரணம் கனெக்சின் 26 என்கிற புரதம். பிறவிக் காது கேளாமைக்கு உலகம் முழுக்க அதிகம் காரணமாகும் மரபணுக்களில் ஒன்று இதற்கான ஜிஜேபி2. 1997ல் கண்டுபிடித்தார்கள். அப்பா, அம்மா இருவருக்கும் நன்றாகக் காது கேட்கும், ஆளுக்கு ஒரு பழுதான பிரதி மறைவாக இருக்கும், குழந்தைக்கு இரண்டும் பழுதாக வந்து சேரும்போதுதான் வெளிப்படும். அக்கா மகளைக் கட்டுவது, அத்தை மகனுக்குக் கொடுப்பது நம் பக்கம் சகஜம் என்பதால் இப்படிச் சேரும் வாய்ப்பு கூடுகிறது. உங்கள் அக்காவுக்குச் சொந்தத்தில் கல்யாணமா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படி இருந்தாலும் யார்மீதும் குற்றம் இல்லை. கிரகணத்தில் வெளியே வந்தாள், ஏழாம் மாதம் பயந்தாள் என்று அக்காவை யாராவது குத்தினால், இதைக் காட்டி வாயை மூடச் சொல்லுங்கள். இந்தக் கனெக்சின் புரதம் மயிர்ச்செல்லில் இல்லை, அதைச் சுற்றியுள்ள துணைச்செல்களை ஒன்றோடொன்று இணைக்கும் சின்னக் குழாய்களில் இருக்கிறது. அதனால் மயிர்ச்செல்லை மட்டும் வளர்த்தால் இந்த நோயைப் படிக்க முடியாது, சுற்றுத்திசுவும் வேண்டும். டோக்கியோவின் ஜுன்டென்டோ பல்கலைக்கழகத்தில் ஸ்டெம் செல்லிலிருந்து இந்த இணைப்புக் குழாய்களோடு கூடிய செல்களையே வளர்த்திருக்கிறார்கள். மருந்து தேடுகிறவர்களுக்கு அது நல்ல தளம். உங்களுக்கு இதில் ஒரு ஆறுதலும் உண்டு: இந்த வகையில் நரம்பு நன்றாக இருக்கும், அதனால் இம்ப்ளான்ட் நன்றாக வேலை செய்யும்.

ஸ்டெம் செல் சிகிச்சையே ஏமாற்று என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். வேலூர்க்காரர்கள் அப்படிச் சொல்லவே கூடாது. சி.எம்.சி.யில் 1986லிருந்து எலும்பு மஜ்ஜை மாற்று செய்கிறார்கள், அதுவும் ஸ்டெம் செல் சிகிச்சைதான். பாகாயம் வளாகத்தில் இருக்கும் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம், ஹீமோஃபிலியா ஏ என்கிற ரத்தம் உறையாத நோயுள்ள 5 பேருக்கு அவரவர் ரத்த ஸ்டெம் செல்லை வெளியே எடுத்து, குறையான மரபணுவைச் சேர்த்து, திருப்பி உடலில் செலுத்தியது. அதன்பின் அவர்களுக்கு ரத்தக்கசிவு வரவில்லை. 2024 டிசம்பரில் அந்த முடிவு உலகின் முன்னணி மருத்துவ இதழில் வந்தது. ரத்தத்தில் முடிந்தது காதில் ஏன் முடியவில்லை? ரத்த ஸ்டெம் செல்லை ரத்தக்குழாயில் ஏற்றினால் அதுவே வழி கண்டுபிடித்து எலும்பு மஜ்ஜைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே வரிசை, திசை, சுருதி எதுவும் வேண்டாம். காதுக்கு ஒவ்வொரு செல்லும் தன் நாற்காலியில், தன் திசையில், தன் நரம்போடு உட்கார வேண்டும். கையில் ஏற்றிய ஊசியிலிருந்து ஒரு செல் அப்படிப் போய் உட்கார்ந்ததாக எங்கும் நிரூபணம் இல்லை.

விதிமுறையும் இதையே சொல்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சிலவற்றைத் தவிர மற்ற எதற்கும் ஸ்டெம் செல்லைச் சிகிச்சை என்று விற்கக் கூடாது. பதிவு செய்த ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம், அப்படிச் செய்தால் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. ஆகவே அந்தக் கிளினிக்கில் இரண்டே கேள்வி கேளுங்கள். சி.டி.ஆர்.ஐ. என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் உங்கள் ஆராய்ச்சியின் பதிவு எண் என்ன? ஆராய்ச்சி என்றால் பணம் எதற்கு? சில வருஷம் முன்பு ஒரு குடும்பம் இப்படி ஒரு இடத்தில் நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு, மூன்று ஊசிக்குப் பிறகு என்னிடம் வந்தது. பையனுக்குப் பெரா எடுத்தேன். பழைய சார்ட்டும் புது சார்ட்டும் ஒன்றின்மேல் ஒன்று வைத்தது போல இருந்தன. பணம் போனதைவிட, நாலு வயதாகியிருந்தது என்பதுதான் எனக்கு வலித்தது.

ஒரு விதிவிலக்கை மறைக்கக் கூடாது. ஓட்டோஃபெர்லின் என்ற ஒரே மரபணு பழுதால் காது கேளாத குழந்தைகளுக்கு, சரியான மரபணுவை வைரஸ் வழியாக உள்காதுக்குள் கொடுக்கும் சிகிச்சை நிஜமாகவே பலித்திருக்கிறது. ஷாங்காயில் 6 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 5 பேருக்குக் கேட்கும் திறன் வந்ததாக 2024ல் வெளியிட்டார்கள். இதில் செல்லை வளர்த்து வைப்பதில்லை. மயிர்ச்செல் உயிரோடு இருக்கிறது, நரம்புக்குச் செய்தி அனுப்பத்தான் தெரியவில்லை, அதைச் சரிசெய்கிறார்கள். பிறவிக் காது கேளாமையில் இந்த வகை சிறு பங்குதான். உங்கள் பாப்பாவுக்கு இந்த வகையாக இருக்குமா என்று பார்க்க ஒரு துப்பு உண்டு. பெராவோடு, உள்காது தானே எழுப்பும் மெல்லிய ஒலியைப் பிடிக்கும் ஓ.ஏ.ஈ. டெஸ்டும் எடுத்திருப்பார்கள். பெராவில் கோடு தட்டையாக இருந்து, ஓ.ஏ.ஈ.யில் 'பாஸ்' என்று வந்திருந்தால், மயிர்ச்செல் உயிரோடிருக்கலாம் என்று பொருள். அப்போது மரபணுப் பரிசோதனையை டாக்டரிடம் அவசியம் கேளுங்கள். இரண்டு டெஸ்டிலுமே சமிக்ஞை இல்லை என்றால் இந்த வழி பெரும்பாலும் பொருந்தாது.

இனி, ஏன் காத்திருக்கக் கூடாது என்பது. காது செத்த செல்லோடு பத்து வருஷம் அப்படியே இருக்கும். மூளை அப்படி இருக்காது. பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதிக்கு முதல் மூன்று மூன்றரை வருஷம் ஒலி வராவிட்டால், அந்த இடத்தைப் பார்வையும் தொடுதலும் எடுத்துக்கொள்ளத் தொடங்கும். ஏழு வயதுக்குமேல் இம்ப்ளான்ட் வைத்தால் சத்தம் கேட்கும், சொல் பிரிவது கடினம். பத்து வருஷம் கழித்து அருமையான புதுக் காதே வந்தாலும், அதைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் மூளை அதற்குள் வேறு வேலைக்குப் போயிருக்கும். பாப்பாவுக்கு இப்போது ஒன்றே முக்கால். மாதக்கணக்கு எண்ண வேண்டிய வயது. ஒரு காதில் இம்ப்ளான்ட் வைத்து அந்த மூளைக்கு இப்போதே ஒலி கொடுத்தால்தான், நாளை வரப்போகும் எந்தச் சிகிச்சையும் மறுகாதில் பயன்படும்.

பெரியவர்கள் பயப்படுவது போல் மண்டையைத் திறப்பதில்லை. காதுக்குப் பின்னால் எலும்பில் குழி செய்து, மெல்லிய மின்முனைக் கம்பியைக் காக்ளியாவுக்குள் நுழைப்பார்கள். கெட்ட மயிர்ச்செல்லைத் தாண்டி நேராக நரம்பைத் தூண்டும். அதற்கு முன் சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்து நரம்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூளைக்காய்ச்சல் வராமல் இருக்க நிமோகாக்கல் தடுப்பூசி போடச் சொல்வார்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆபரேஷன் தேதி வரும்வரை சும்மா இருக்காமல் காது மிஷின் மாட்டிவிடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இம்ப்ளான்ட் உண்டு. பெரும்பாலும் ஒரு காதுக்குத்தான். குடியாத்தம் அரசு ஆஸ்பத்திரியிலோ அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலோ கேட்டால் ஆகவேண்டிய காகிதங்களைச் சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இம்ப்ளான்ட் வைத்த அன்று குழந்தை பேசாது. மிஷினை முதன்முதலாக இயக்கும் நாளில் பெரும்பாலான குழந்தைகள் திடுக்கிட்டு அழும். சில குழந்தைகள் கையிலிருந்த பொம்மையை அப்படியே நிறுத்திவிட்டுச் சுற்றிப் பார்க்கும். அதன்பிறகு ஒரு வருஷத்துக்குமேல் கேட்கவும் பேசவும் பழக்கும் தெரபி. தெரபிஸ்ட் வாரத்தில் ஓரிரு மணி நேரம்தான் சொல்லிக்கொடுப்பார். மீதி உங்கள் அக்கா வீட்டில் செய்வது. குக்கர் விசில் அடித்தால் "கேட்டியா, விசில்" என்று நின்று சொல்ல வேண்டும், காய் நறுக்கும்போது ஒவ்வொரு காயின் பெயரும் சொல்ல வேண்டும், ஒரே சொல்லை நூறு முறை. வெளிக்கருவியின் ஒயர், கம்பிச்சுருள் என்று அவ்வப்போது செலவும் வரும். சொந்தக்காரர்கள் உதவ நினைத்தால் ஊசிக்குச் சேர்த்த பணத்தை அதற்கு வைக்கட்டும். அக்கா வேலைக்குப் போனால் அந்த ஒரு வருஷம் வீட்டில் இன்னொருவர் தோள்கொடுக்க வேண்டும்.

அப்பா விஷயம் வேறு. பவர்லூம் ஷெட்டுக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். எட்டு மணி நேரத்துக்கு 85க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. தறிச்சத்தம் முதலில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கமுள்ள செல்களைத்தான் தின்னும். அதனால் இவர்களுக்குச் சத்தம் கேட்கும், சொல் தெளியாது. 'ச'வும் 'த'வும் குழம்பும். "நீங்க முணுமுணுக்கிறீங்க" என்று வீட்டில் சண்டை வரும். என் அறைக்கு வரும் தறிக்காரர்கள் நான் பேசும்போது கண்ணைப் பார்க்க மாட்டார்கள், உதட்டைத்தான் பார்ப்பார்கள். ஷெட்டுக்குள் ஒருவருக்கொருவர் அப்படித்தான் பேசிப் பழகியிருப்பார்கள். செல் சாவதற்கு முன்பே செல்லுக்கும் நரம்புக்கும் நடுவே உள்ள இணைப்பு அறுந்துபோகிறது என்று 2009ல் எலிகளில் கண்டுபிடித்தார்கள். ஷெஃபீல்டு வழியும் துணைச்செல் வழியும் ஒருநாள் பலித்தால், முதலில் பயனடைவது அப்பாவைப் போன்றவர்களாகவே இருக்கலாம். மொழி ஏற்கெனவே மூளையில் இருப்பதால் அவரால் காத்திருக்க முடியும். ஆனால் இருக்கிற செல்லையும் இழந்துகொண்டு காத்திருக்கக் கூடாது. இன்னும் ஷெட்டுக்குப் போகிறார் என்றால் காதடைப்பான் மாட்டச் சொல்லுங்கள். பஞ்சு போதாது.

பாப்பாவை அடுத்த பரிசோதனைக்கு அழைத்துப்போகும் அன்றைக்கே அவரையும் கூட்டிக்கொண்டு போய், கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். ஷெட்டிலிருந்து நேராகக் கூட்டிப்போக வேண்டாம். தறிச்சத்தத்தில் நின்றுவிட்டு வந்த காது சில மணி நேரம் கூடுதல் மந்தமாகவே இருக்கும், சார்ட் தப்பாக வரும். முதல்நாள் லீவு போட்டு, ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்து வரட்டும். பாப்பாவுக்கு மறுபடி பெரா எடுக்கச் சொல்லியிருந்தால் நேர்மாறாகச் செய்ய வேண்டும். முந்தின ராத்திரி நேரம் கழித்துத் தூங்கவைத்து, விடியற்காலையிலேயே எழுப்பி, வழியில் பஸ்ஸில் கண்ணசராமல் பார்த்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் அறையில் அவள் தூங்கினால்தான் கோடு சுத்தமாக விழும்.